யார் கடலில், எந்தக் கிழமையில்: புதுச்சேரி முதல் தூத்துக்குடி வரை ஒரு கரைப் பயணம்

திங்கள், புதுச்சேரி

புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே இப்போது மணற்பரப்பு இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்தவர்களுக்கு அலை மோதும் கருங்கற்குவியல் மட்டுமே நினைவில் இருக்கும். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டதால், வீராம்பட்டினத்தின் பக்கம் கரை அகன்றது. நகரத்தின் பக்கம் கரையே இல்லாமல் போயிற்று. 2018இல் கடலுக்குள் ஆப்பு வடிவில் ஓர் இரும்பு அமைப்பை மூழ்கவைத்து, அலையின் வேகத்தைத் தணித்து, மணலைத் தங்கவைத்தார்கள். மாலையில் அங்கே பிள்ளைகள் காற்றாடி விடுகிறார்கள்.

நகரத்தைக் காக்கப் போடப்பட்ட கற்சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்குகிறது. அதைத் தடுக்க இன்னும் கொஞ்சம் கல், அதற்கும் வடக்கே இன்னும் கொஞ்சம் அரிப்பு என்று வைத்திக்குப்பம், சோலை நகர், தந்திராயன்குப்பம் வழியாக அது மாநில எல்லையைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. புதுச்சேரி கட்டிய துறைமுகத்தின் வினையைத் தமிழ்நாட்டுக் குப்பங்கள் அனுபவிக்கின்றன. இரண்டு அரசுகள், இரண்டு பொதுப்பணித் துறைகள், இரண்டு கடலோர மண்டல மேலாண்மை ஆணையங்கள். நகர்கிற மணல் மட்டும் ஒன்று.

இந்தச் சிக்கல்களை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சிக்கும் புதுச்சேரியே களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடல்சார் இடத் திட்டமிடல் என்று அதைச் சொல்கிறார்கள். நிலத்தில் ஊரமைப்புத் திட்டம் எப்படி வீட்டுக்கு இங்கே, தொழிற்சாலைக்கு அங்கே என்று பிரிக்கிறதோ, அப்படி மீன்பிடிப்புக்கும், கப்பல் போக்குவரத்துக்கும், சுற்றுலாவுக்கும், பாதுகாப்புக்கும் கடற்பரப்பை ஒதுக்கித் திட்டமிடுவது. 2019இல் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முன்னோட்டப் பகுதிகளாக எடுத்துக்கொண்டது. நார்வே 2006இலேயே பேரண்ட்ஸ் கடலுக்கு இப்படி ஓர் ஒருங்கிணைந்த திட்டம் வகுத்த நாடு. ஆனால் அங்கே திட்டமிட்டவர்களின் முன்னால் எண்ணெய் நிறுவனங்கள், கப்பல்கள், பெரிய மீன்பிடிக் கலங்கள் என்று எண்ணிவிடக்கூடிய தரப்புகள் இருந்தன. இங்கே ஒவ்வொரு குப்பமும் ஒரு தரப்பு.

அதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021இல் சுருக்குமடி வலையை (மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் வலை) முன்னிட்டு வீராம்பட்டினத்து மீனவர்களும் நல்லவாட்டு மீனவர்களும் மோதிக்கொண்டு, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட வேண்டிய நிலை வந்தது. தமிழ்நாடு அந்த வலையை அடியோடு தடை செய்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி வலையைப் பயன்படுத்தலாம். 12 கடல் மைல் வரையுள்ள மீன்வளம் மாநிலத்தின் அதிகாரம், அதற்கு அப்பால் ஒன்றிய அரசின் அதிகாரம் என்ற அரசியலமைப்புப் பிரிவினையை ஒட்டி வந்த தீர்வு அது. அந்த உத்தரவில் என் கவனத்தைக் கவர்ந்தவை கிழமைகள். நீதிமன்றம் கடலை இடத்தால் மட்டும் பிரிக்காமல் நாளாலும் பிரித்தது. தெற்கே போகப் போக இந்தக் கிழமைக் கணக்கு இன்னும் அழுத்தமாக வரும்.

செவ்வாய், மனோரா

பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்து பிடித்து வந்தால், சேதுபாவாசத்திரத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் நடுவே, தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மனோரா தெரிகிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய அறுகோணக் கோபுரம். நெப்போலியனின் தோல்விக்கும் தஞ்சாவூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தயவில் இருந்த அரசர் வேறு என்னதான் கட்டுவார் என்பதே விடை.

நான் வந்தது கோபுரத்துக்கு எதிரே இருக்கும் கடலுக்காக. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பு இதில் அடங்கும். நாட்டில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் இது. ஆவுளியா என்று இப்பகுதியில் சொல்லப்படும் இந்த விலங்கு, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல்லைத் தின்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும். இந்தியக் கடலில் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. ஆழமில்லாத, வண்டல் படிந்த, அலையடங்கிய பாக் விரிகுடாவில்தான் கடற்புல் வயல்கள் பரந்து கிடக்கின்றன.

சட்ட வகையில் இது தேசியப் பூங்கா அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவின்கீழ் வரும் பாதுகாப்பகம். உள்ளூர் மக்களைக் கலந்து பேசியே அறிவிக்க வேண்டும், அவர்களுடைய உரிமைகள் தொடரும். மீன்பிடிப்புக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அறிவிப்பின்போதே அரசு சொன்னது. அப்படியானால் காப்பகத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

விடையின் ஒரு பகுதி கரையில் உட்கார்ந்து நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் கிடைத்தது. வலைக்கண்களில் நாடா நாடாகப் பச்சைப் புல் சிக்கியிருந்தது. நண்டின் காலை ஒடிக்காமல் விடுவிப்பதற்கு இணையான பொறுமையோடு அதை விரல் நுனியால் உருவி எடுத்தார். "இந்தப் புல் வேரோட வந்தா, இழுவைமடிக்காரன் அந்தப் பக்கம் போயிருக்கான்னு அர்த்தம் தம்பி. இலை மட்டும் வந்தா, ஆவுளியா மேஞ்சிருக்கும், இல்லாட்டி காத்து அறுத்திருக்கும்" என்றார். இழுவைமடி என்பது விசைப்படகு கடலடியை வாரி இழுத்துச் செல்லும் வலை. வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவதாகவும், அப்படி விட்டவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டி ஊக்கத்தொகை கொடுப்பதாகவும் சொன்னார். முன்பெல்லாம் இறைச்சி ஊருக்குள் பங்கு போடப்பட்டதை அவர் மறைக்கவில்லை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது என்பது காப்பகத்துக்கு முன்பிருந்தே உள்ள விதி. காப்பகத்தின் முழுப் பயனும் அந்தப் பழைய விதி நடைமுறைக்கு வருவதைப் பொறுத்தே இருக்கிறது. அந்த விதியை நடத்துவது மீன்வளத் துறை. விலங்கைக் காப்பது வனத்துறை. இரண்டு துறைகளின் அலுவலகங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை விட, அவற்றின் கோப்புகளுக்கு நடுவே உள்ள தூரம் அதிகம் என்பது என் எண்ணம்.

புதன், தொண்டிக்குத் தெற்கே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று ஊர்கள் வந்தன. ஜெகதாப்பட்டினத்து இறங்குதளத்தில் விசைப்படகுகள் பெரும்பாலும் இல்லை. இன்று புதன்கிழமை. திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள்கள். மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுடையவை. இந்த ஊர்களில் கிழமையைச் சொன்னால் கடலில் யார் இருப்பார்கள் என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

பகலில் தொண்டிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் இறங்கினேன். ஊர்ப் பொதுக்கூடத்துச் சுவரில் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். உயர் அலைக்கோடு, 50 மீட்டர் கோடு, 200 மீட்டர் கோடு, 500 மீட்டர் கோடு, இடர்க்கோடு (கடல் அரிப்பும் வெள்ளமும் எட்டக்கூடிய எல்லை) எல்லாம் வெவ்வேறு வண்ணத்தில் ஓடுகின்றன. அவற்றின் மேல் ஊர்க்காரர்கள் நீலப் பேனாவால் தங்கள் வரைபடத்தைப் போட்டிருக்கிறார்கள்: வலை உலர்த்தும் களம், வத்தை என்னும் சிறு படகை ஏற்றும் இடம், கருவாடு காயவைக்கும் மேடு, கரைவலைப் பாடு, கோயில் திடல், கல்லறைத் தோட்டம். அச்சிட்ட தாளில் இவை எதுவும் இல்லை. வெற்று மணல் என்ற வண்ணத்தில்தான் இருக்கின்றன.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, 2011இல் ஒருமுறையும் 2019இல் மீண்டும் ஒருமுறையும் புதிதாக எழுதப்பட்டது. 2019இன் அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில், கட்டுமானம் கூடாத பட்டை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. இந்தத் தளர்வெல்லாம் நடைமுறைக்கு வர வேண்டுமானால் மாநிலத்தின் மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கான வரைவுத் திட்டத்தின் மீது 2023இல் மாவட்டந்தோறும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, மீனவர்களின் முதல் புகாரே ஊர்களும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் வரைபடத்தில் விடுபட்டிருக்கின்றன என்பதுதான். மீனவக் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவைக்கான திட்டம் அதில் சேர வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது.

வரைபடத்தில் இல்லாத ஒன்று சட்டத்தின் கண்ணிலும் இல்லை என்பது இதிலுள்ள ஆபத்து. கரைவலைப் பாடு என்பது எந்தக் குடும்பம், எந்த முறையில், எந்த இடத்தில் வலை வளைக்கலாம் என்று தலைமுறைகளாக ஊர் வகுத்து வைத்திருக்கும் ஏற்பாடு. அதற்குப் பட்டா கிடையாது. நாளை அந்த மணலில் ஒரு விடுதி வந்தால், பறிபோனது என்ன என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் தெரிவது அங்கே வலை கிடக்கிறதா இல்லையா என்பதுதான். வலை யாருடைய முறையில் கிடக்கிறது என்பதை ஊருக்குள் வந்து கேட்டாக வேண்டும். பேனாவால் வரைந்த இளைஞர்கள் கைபேசியில் ஒவ்வோர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எடுத்து மனுவோடு இணைத்ததாகச் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் தாள்தான் திட்டம். அச்சிட்டது அதன் பின்புலம்.

வியாழன், ராமேசுவரம், பாம்பன்

நேற்றுக் காலை கிளம்பிய விசைப்படகுகள் இன்று விடியலில் ராமேசுவரத்துக்குத் திரும்பின. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்; காற்று பலமென்றால் டோக்கன் இல்லை. இறங்குதளத்தில் இறாலை ரகம் பிரித்துக் கூடைகளில் கொட்டும்போதே, கூடவே வந்த சிறு குஞ்சுகளும் சங்குத் துண்டுகளும் ஒரு பக்கம் குவிகின்றன. அவை கோழித்தீவன ஆலைக்குப் போகும். அந்தக் குவியலை ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இழுவைமடி என்றால் என்னவென்று தெரிந்துவிடும்.

பாக் விரிகுடாவின் கணக்கு எளிதில் தீராதது. கரையிலிருந்து 5 கடல் மைல் விசைப்படகுக்கு இல்லை. 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின் சர்வதேச எல்லைக்கோடு சில இடங்களில் 10 கடல் மைலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நடுவில் எஞ்சும் பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் தொழில் செய்ய இடம் இல்லை. செய்தாலும் மீன் இல்லை. அப்பால் போனால் இலங்கைக் கடற்படை. அதற்கும் மேல், எல்லைக்கு அந்தப் பக்கம் வலை விரித்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியபோது அவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போனவை நம் மடிகள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. கைதுகளைப் பற்றி நாம் எழுதும் அளவுக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை.

அதே 2017இல் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தன. மூன்றாண்டில் 2,000 இழுவைப் படகுகளைக் குறைத்து, 80 லட்ச ரூபாய் விலையில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளைக் கொடுப்பது. அதில் 70 விழுக்காடு மானியம். இலக்கின் அருகில்கூடத் திட்டம் போகவில்லை. இங்கே கேட்டால் காரணங்களை மளமளவென்று அடுக்குகிறார்கள்: ஓர் இரவுத் தொழிலில் பழகியவர்களுக்குப் பல நாள் கடலில் தங்கும் தூண்டில் தொழில் வேறு பிழைப்பு, மானியம் போக மீதிக் கடனே பெரிது, பெரிய படகைக் கட்ட இந்தத் துறையில் ஆழம் இல்லை. தொழிலைக் கற்பிப்பதைப் பின்னுக்குத் தள்ளி, படகை முன்னால் வைத்த திட்டம் என்று எனக்குப் படுகிறது.

மூன்று நாள், நான்கு நாள் ஏற்பாடு மட்டும் தொய்வில்லாமல் நடக்கிறது. இழுவைமடியும் நாட்டுப்படகின் வலையும் ஒரே இரவில் ஒரே நீரில் இருந்தால் வலை அறுபடும், அடிதடி வரும் என்பதை இரு தரப்பும் பட்டு அறிந்தவர்கள். மீறினால் மறுநாள் பக்கத்து ஊர்க்காரனின் முகத்தில் விழிக்க வேண்டும். 5 கடல் மைல் கோட்டை ரோந்துப் படகு காக்க வேண்டியிருக்கிறது. கிழமையை ஊர்களே காக்கின்றன.

பிற்பகலில் பாம்பன் சின்னப்பாலம். கிளம்பும் வழியில் சாலைப் பாலத்திலிருந்து 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்கு நடுப்பகுதியைப் பார்த்தேன். பார்க்க எடுப்பாக இருக்கிறது. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறிப்பது அவர்கள் தொழில். 1986இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவானபோது, பரம்பரையாகத் தொழில் செய்த இடத்தில் அவர்கள் அத்துமீறியவர்களாகிப் போனார்கள். நான் பேசிய அக்காவின் விரல்களில் சேலைக் கிழிசலைச் சுற்றிய தடம் வெளுத்துக் கிடந்தது. பவளப்பாறை கிழிக்காமல் இருக்கத் துணி, காலுக்குக் கட்ட ஒரு தகடு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை, அவ்வளவே கருவி. இரும்புச் சுரண்டியைப் பயன்படுத்துவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆகப் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்றும் முடிவு செய்தார்கள். "வேரு இருந்தாத்தான அடுத்த மாசம் பாசி வரும்? அது எங்களுக்குத் தெரியாதா? காட்டாபீசுக்காரங்க வந்து சொல்லித்தான் தெரியணுமா?" என்றார்.

இங்கேயும் நாட்கணக்குதான் வேலை செய்கிறது. பூங்காவின் சட்டம் "இங்கே வராதே" என்கிறது. பெண்களின் சட்டம் "இந்த நாளில் வா, இந்த அளவுக்கு எடு" என்கிறது. வளம் மிஞ்சுவதற்கு இரண்டாவது சட்டம் குறைவாக உதவியது என்று யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

திட்டமிட்டு வளர்க்கும் பாசியிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டு இனமான கப்பாபைக்கஸ் பாசியை மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்க பாக் விரிகுடாப் பக்கம் அனுமதி உண்டு. பூங்காவை ஒட்டிய நீரில் இல்லை. ஆனாலும் 2008 வாக்கில் குருசடைத் தீவின் பவளங்களின் மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இப்போது தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பாசிப் பூங்கா ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு வருமானம் என்பதில் ஐயமில்லை. நீரோட்டம் விதிமுறையைப் படித்துவிட்டு ஓடுவதில்லை என்பதை மட்டும் திட்டமிடுவோர் கணக்கில் கொண்டால் சரி.

வெள்ளி, கீழக்கரை வழியாக

இன்று பெரும்பாலும் பேருந்துப் பயணம். கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டன. 21 தீவுகள் என்பது ஆவணங்களில் இன்னும் 21தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முதன்மைக் காரணம். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் அது நின்றது. சட்டம் இருபது ஆண்டுகளில் செய்யாததைக் கடல் ஒரு காலையில் செய்தது: பாறைத் திட்டு உள்ள இடத்தில் அலை தணிந்து வந்ததை ஊர்கள் நேரில் பார்த்துவிட்டன.

சனி, தூத்துக்குடி

தூத்துக்குடி விசைப்படகுகளின் விதி வேறு. இங்கே தங்கு கடல் (இரவில் கடலிலேயே தங்கித் தொழில் செய்வது) கிடையாது. காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். பாக் விரிகுடாவில் கிழமையால் பிரித்ததை இங்கே மணியால் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மட்டும் இரு பக்கத்துக்கும் பொது. 45 நாளாக இருந்ததை 2017இல் நீட்டினார்கள்.

பெரிய துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளங்கள் ஆகியவற்றின் கண்பார்வையிலேயே தேசியப் பூங்காவின் வான் தீவு இருக்கிறது. கரைந்து இரண்டாகப் பிளந்து மறையும் நிலைக்கு வந்த அந்தத் தீவைச் சுற்றி, 2015 முதல் துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். வடிவமைப்பில் சென்னை ஐஐடியும், பவள ஆய்வில் இங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்தன. அலை துளைகளுக்குள் நுழைந்து வலுவிழக்கிறது, மணல் தங்குகிறது, பாறையின் மேல் பவளம் ஒட்டுகிறது, மீன் குடிவருகிறது. தீவு மறையவில்லை. புதுச்சேரியில் திங்களன்று பார்த்த அதே உத்தியின் இன்னொரு வடிவம் இது. அடுத்து காரியசல்லித் தீவுக்கு இந்த வேலை வந்திருக்கிறது. 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்த தீவு, இப்போது அதில் கால் பங்குகூட இல்லை.

மாலையில் திரேஸ்புரத்தில் ஒரு வள்ளத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். செயற்கைப் பாறை போட்ட இடங்களை எல்லாம் தன் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். வலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கவா என்று கேட்டேன். "அதுக்கும்தான் அண்ணாச்சி. அதோட, அங்கனக்குள்ள ஓரமாத் தூண்டில் போட்டா விளமீன் கிடைக்கும்" என்றார். தேசியப் பூங்காவின் எல்லை அந்தக் கருவியில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, எண்களை யாராவது கொடுத்தால் ஏற்றிக்கொள்வேன், இதுவரை ஒருவரும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அணைத்த கருவியை பாலிதீன் பையில் சுற்றி, படகின் முன்பக்கமான அணியத்தில் வைத்தார்.